காப்புக்கும் செங்கீரைக்கும் நடுவே

இலக்கியத் தொடரிலே வைத்தியப் பேச்சு எதற்கு என்று நேயர்களில் சிலர் நினைக்கக்கூடும். பிறக்கும்போதோ பிறந்த சில நாட்களிலோ மூளையில் சேதமுற்ற பச்சைக் குழந்தைக்குக் கை கால் வழங்கச் செய்யும் சிகிச்சையின் வரலாற்றைத்தான் இன்று சொல்ல எண்ணுகிறேன். ஆஸ்பத்திரியிலே பிசியோதெரபி என்று சொல்லும் இயன்மருத்துவத்தின் ஒரு கிளை அது. அந்த வரலாற்றுக்குள் நுழைவதற்குத் தமிழிலே நல்லதொரு வாசல் இருக்கிறது. அதன் பெயர் பிள்ளைத்தமிழ்.

12ஆம் நூற்றாண்டிலே ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழனைக் குழந்தையாக்கிப் பாடினார். 17ஆம் நூற்றாண்டிலே குமரகுருபரர் மதுரை மீனாட்சியைக் குழந்தையாக்கிப் பாடினார். இந்தப் பிரபந்தத்துக்குப் பருவங்கள் பத்து. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்னும் ஏழும் ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் பொதுவானவை. கடைசி மூன்றும் மட்டுமே வேறுபடும். எந்தப் பருவம் எந்த மாதத்துக்கு உரியது என்பதைப் பாட்டியல் நூல்கள் வகுத்துச் சொல்கின்றன. நூலுக்கு நூல் சிறு வேறுபாடு உண்டென்றாலும், காப்பு இரண்டாம் அல்லது மூன்றாம் மாதம், செங்கீரை ஐந்தாம் மாதம், சப்பாணி ஒன்பதாம் மாதம், வாரானை ஓராண்டு நிறையும் வேளை என்பது பொதுவான கணக்கு.

செங்கீரை என்பது என்ன? குழந்தை குப்புறக் கிடந்து, ஒரு காலை மடக்கி மறுகாலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றி, தலையை நிமிர்த்தி ஆடுவது. இன்றைய இயன்மருத்துவர் ஒருவர் ஐந்து மாதக் குழந்தையிடம் எதைப் பார்ப்பாரோ அதே காட்சி இது. தலை நிற்கிறதா, தோள் பாரம் தாங்குகிறதா, கை விரிந்து ஊன்றுகிறதா, இரண்டு காலும் தனித்தனியே அசைகின்றனவா என்ற நான்கு கேள்விக்கும் செங்கீரை ஒன்றே விடை சொல்லிவிடும். சப்பாணி என்பது இரு கைகளையும் நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்து சேர்த்துத் தட்டுவது. ஒரு கை எந்நேரமும் இறுகப் பொத்தியபடி இருக்கும் குழந்தையால் அது முடியாது. புலவர்கள் தெய்வத்தையும் அரசனையும் பாடினார்கள். ஆனால் பருவத்தை அளந்து கொடுத்தவர்கள் பிள்ளை வளர்த்த பெண்கள் என்றே நான் எண்ணுகிறேன்.

இதிலே ஒரு வேடிக்கையும் வேதனையும் உண்டு. சப்பாணி என்ற சொல்லுக்கு நம் பேச்சிலே இன்னொரு பொருள் இருக்கிறது. நடக்க மாட்டாதவனை ஊரார் அழைக்கும் பெயர் அது. கை கொட்டி மகிழும் பிள்ளைக்கும், ஒரு மூலையில் உட்கார்த்தி வைக்கப்பட்ட பிள்ளைக்கும் தமிழ் ஒரே சொல்லைக் கொடுத்திருக்கிறது. முதலாவது சப்பாணிக்குப் பாட்டு இருந்தது. இரண்டாவது சப்பாணிக்கு என்ன இருந்தது என்பதுதான் இன்றைய கதை.

மூளை முடக்குவாதம் என்று இன்று வழங்கும் இந்த நிலைக்குக் காரணங்கள் பல. பிரசவத்தின்போது மூச்சுத் திணறி மூளைக்குப் பிராணவாயு போதாமற் போவது, மாதம் நிறையுமுன் பிறப்பது, பிறந்த நாட்களில் மஞ்சட்காமாலை அளவுக்கு மிஞ்சி ஏறுவது, மூளைக்காய்ச்சல் ஆகியன அவற்றுள் சில. ஒன்றை மட்டும் மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். மூளையில் ஏற்பட்ட காயம் பின்னர் வளர்வதில்லை. ஆனால் குழந்தை வளர்கிறது. எலும்பு நீளும்போது இறுகிய தசை கூடவே நீளாது. வழங்காத கை மேலும் வழங்காமற் போகும். இடுப்பு மூட்டு மெல்ல மெல்ல விலகும். ஆகவே இங்கே நாட்கள்தான் முக்கியம்.

இதை முதன்முதலில் தெளிவாக எழுதி வைத்தவர் லண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் ஜோன் லிட்டில். அவரே சிறுவயதில் இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் வளைந்தவர். 1836இல் ஜெர்மனியிலே ஸ்ட்ரோமேயர் என்ற வைத்தியரிடம் சென்று, குதிகால் தசைநாணை அறுத்துக் காலை நேராக்கிக்கொண்டு திரும்பினார். 1861இல் லண்டன் மகப்பேற்று வைத்தியர் சங்கத்தின் முன் ஒரு கட்டுரை வாசித்தார். கடினமான பிரசவம், குறைமாதப் பிறப்பு, பிறந்தவுடன் மூச்சடைப்பு ஆகியவற்றுக்கும் பிற்காலத்தில் கைகால் இறுகிப்போவதற்கும் தொடர்பு உண்டென்பது அதன் சாரம். இதற்கு முன் இதைக் கவனித்தவர் யாரென்று தேடியபோது வைத்திய நூலில் அவருக்கு ஆள் கிடைக்கவில்லை, நாடகத்திலே கிடைத்தது. நாள் நிறையுமுன் பிறந்து உருக்குலைந்தவனாக ஷேக்ஸ்பியர் படைத்த மூன்றாம் ரிச்சர்ட் மன்னனை அவர் எடுத்துக்காட்டினார். வைத்தியருக்கு முன்னே புலவன் கண்டுவிட்டான் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இந்த நோய்க்கு நெடுங்காலம் லிட்டில் நோய் என்றே பெயர். மனோதத்துவத்தால் உலகப் புகழ்பெற்ற சிக்மண்ட் பிராய்ட், அதற்கு முன் குழந்தைகளின் நரம்பு நோய்களை ஆராய்ந்தவர். 1897இல் இதைப் பற்றிப் பெருநூலே எழுதினார். பிரசவம் கடினமானதால் மூளை கெட்டதா, அல்லது கருவிலேயே ஏற்பட்ட கோளாற்றால் பிரசவம் கடினமானதா என்ற கேள்வியைத் துணிந்து எழுப்பியவர் அவர். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. ஆனால் காரணம் எதுவென்று பெரியவர்கள் வாதாடிய அரை நூற்றாண்டிலே, குழந்தைக்குக் கிடைத்த சிகிச்சை கத்தியும் இரும்புச் சட்டமும்தான். அதுவும் உடல் வளைந்து இறுகிய பிறகு.

லிட்டில் லண்டனில் கட்டுரை வாசித்த அதே காலத்தில் ஊவாவின் மலைகளிலே கோப்பிச் செடி நின்றது. பிறகு தேயிலை வந்தது. 1894இல் புகையிரதம் பண்டாரவளை வரை வந்தது. பதுளையை எட்ட 1924 ஆயிற்று. தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி செய்து கொடுக்க வேண்டும் என்ற சட்டம் 1872இல் வந்தது. சட்டம் வந்ததென்றாலும், அதன் நோக்கம் வேலைக்கு ஆள் நிற்க வேண்டும் என்பதே. லயத்துக் காம்பராவிலே பிறந்த குழந்தை உயிரோடு தங்குவதே பெரும்பாடாக இருந்த காலத்தில், தங்கிய குழந்தையின் கை வழங்குகிறதா என்று பார்க்க எவருக்கு நேரம் இருந்தது?

நான் பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலே வளர்ந்தவன். எங்கள் தொங்கல் லயத்தின் இஸ்தோப்பிலே சாக்கு விரித்து ஒரு பையனை உட்கார்த்தி வைத்திருப்பார்கள். கால் இரண்டும் கத்திரிக்கோல் போலக் குறுக்கே பின்னிக் கிடக்கும். கொழுந்து மலைக்குப் போகுமுன் தாய் சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டுப் போவாள். அப்பாயி எண்ணெய் தேய்த்து இழுத்து விடுவாள். பூசாரி மந்திரித்துக் கட்டிய நூல் இடுப்பிலே இருக்கும். பகல் முழுதும் அவன் எங்கள் விளையாட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான். அவனுக்கு எல்லாம் விளங்கியது என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. சப்பாணி என்று அழைத்தோமே தவிர, அவனுடைய சொந்தப் பெயரை எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தத் தாய் அன்பில்லாதவள் அல்ல. கொழுந்து நிறுத்தால்தான் அன்று பேர் விழும்; குறைந்தால் அரைப்பேர். பேர் விழாவிட்டால் மற்றப் பிள்ளைகளுக்கு அரிசி இல்லை.

இந்த நோய்க்குக் கத்திக்குப் பதில் கை வந்த கதை 1940களிலே தொடங்குகிறது. நாஸி ஆட்சிக்குத் தப்பி லண்டனில் அடைக்கலம் புகுந்த தம்பதியர் பெர்த்தா போபாத், கரெல் போபாத். கணவர் வைத்தியர், மனைவி பெர்லினில் உடற்பயிற்சிக் கலை பயின்றவர். இறுகிய தசையை வலிந்து இழுக்காமல், உடம்பை வேறொரு நிலையில் தாங்கிப் பிடித்தால் இறுக்கம் தானே தளர்வதைப் பெர்த்தா தம் கையாலே கண்டுபிடித்தார். கணவர் அதற்குச் சாத்திரம் எழுதினார். 1951இல் லண்டனிலே குழந்தைகளுக்கென ஒரு நிலையத்தைத் தொடங்கினார்கள். 1991 ஜனவரியில் இருவரும் ஒருசேர மறையும்வரை உலகெங்கும் இயன்மருத்துவர்கள் அவர்களுடைய முறையையே பயின்றார்கள்.

போபாத் வழிவந்த நான்சி பின்னி என்ற இயன்மருத்துவர் 1968இல் பெற்றோருக்காகவே ஒரு நூல் எழுதினார். குழந்தையை எப்படித் தூக்குவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது என்பதே அதன் பொருள். சிகிச்சை என்பது கிழமைக்கு அரைமணி நேரம் ஆஸ்பத்திரியில் நடப்பதன்று. நாள் முழுதும் வீட்டிலே நடப்பது என்ற கருத்து அப்போதுதான் வேரூன்றியது. கால்கள் குறுக்கே பின்னும் குழந்தையை இடுப்பிலே, இருபுறமும் கால் விரியும்படி வைத்துத் தூக்குவது நல்லது என்று இயன்மருத்துவர்கள் சொல்கிறார்கள். நம் பெண்கள் காலங்காலமாகப் பிள்ளையைத் தூக்கும் முறையே அதுதான். ஊட்டும்போது தலையைப் பின்னே சாய்த்து வாயில் ஊற்றாமல், நிமிர்த்தி உட்கார்த்தி நாடியைச் சற்று உள்ளே தாழ்த்திப் பிடித்தால் புரையேறாது என்பது இன்னொன்று. இந்த ஒரு சிறு திருத்தம் சளிக்காய்ச்சலிலிருந்து எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றக்கூடியது.

இந்தியாவிலே இந்தச் சிகிச்சைக்கு வழி திறந்தவர்களும் தாய்மார்தான். மித்து அலூர் 1972இல் பம்பாயிலும், பூனம் நடராஜன் 1985இல் சென்னையிலும் நிலையங்களைத் தொடங்கினார்கள். இருவரும் மூளை முடக்குவாதமுள்ள பிள்ளையைப் பெற்றவர்கள். சென்னை நிலையம் பின்னர் வித்யாசாகர் என்று பெயர் பெற்றது.

நம் நாட்டுக்கும் இந்த வரலாற்றிலே பெருமைக்குரிய இடம் உண்டு. 1978இல் அல்மா ஆட்டா மாநாட்டிலே, ஆரம்ப சுகாதார சேவை எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்று உலக நாடுகள் பிரகடனம் செய்தன. அதையொட்டி, உடல் ஊனமுற்றோருக்கான பயிற்சியையும் கிராமத்துக்கே கொண்டுபோக உலக சுகாதார ஸ்தாபனம் முனைந்தது. அதற்கென ஒரு கைநூலை எழுதியவர்களுள் ஒருவர் இலங்கை இயன்மருத்துவர் பத்மணி மெண்டிஸ். ஐனார் ஹெலாண்டர், குனல் நெல்சன் முதலியோரோடு அவர் எழுதிய கைநூலின் முதல் வடிவம் 1979இல் வந்தது. இலங்கை உட்படப் பல நாடுகளின் கிராமங்களிலே அதைப் பரீட்சித்துப் பார்த்துத் திருத்தி, 1989இல் நூலாக வெளியிட்டார்கள். படமும் எளிய வசனமுமாய், வீட்டிலுள்ள ஒருவரே பயிற்சியாளர் ஆகும்படி அதை அமைத்தார்கள். 1994இல் சமூகம் சார்ந்த புனர்வாழ்வு என்ற பெயரில் இத்திட்டத்தை அரசாங்கம் தேசிய மட்டத்தில் தொடங்கியது. 1996இல் வலது குறைந்தோர் உரிமைச் சட்டமும் வந்தது.

இவ்வளவும் நடந்த பிறகும் ஒரு குறை எஞ்சியிருந்தது. குழந்தை இருக்க வேண்டிய மாதத்தில் இருக்கவில்லை, நடக்க வேண்டிய மாதத்தில் நடக்கவில்லை என்று கண்ட பின்னரே சந்தேகம் எழும். வீட்டிலோ, "பொறுத்துப் பாரு புள்ள, இவங்கப்பனும் ரெண்டு வயசுலதான் நடந்தான்" என்று அப்பாயி ஆறுதல் சொல்லுவாள். அப்பாயி சொல்வது சில குழந்தைகளுக்குச் சரி. மற்றக் குழந்தைகளுக்கோ அந்த இரண்டு வருடந்தான் கைவிட்டுப் போன பொற்காலம்.

இந்தக் குறையைத் தீர்த்தவர் ஹைன்ஸ் பிரெக்ட்ல் என்பவர். வியன்னாவில் பிறந்து ஹொலந்திலே பணியாற்றிய அவர் செய்தது மிக எளிய காரியம். விழித்து அமைதியாய் மல்லாந்து கிடக்கும் குழந்தையை யாரும் தொடாமல் சில நிமிடம் படம் பிடித்துப் பார்த்தார். மூன்றாம் மாதத்திலிருந்து ஐந்தாம் மாதம்வரை, நலமான குழந்தையின் கழுத்திலும் உடம்பிலும் கைகாலிலும் சின்னச் சின்ன வட்டமான அசைவுகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். மூளை சேதமுற்ற குழந்தையிடம் இந்த நுண்ணசைவு இராது, அல்லது மாறுபட்டிருக்கும். 1997இல் அவரும் அவருடைய சகாக்களும் 130 குழந்தைகளைப் பற்றிய முடிவை வெளியிட்டார்கள். அசைவு சரியாக இருந்த 70 பேரில் 67 பேர் பின்னர் நலமாகவே வளர்ந்தார்கள். அசைவு இல்லாத அல்லது மாறுபட்ட 60 பேரில் 57 பேருக்கு நரம்புக் கோளாறு உறுதியாயிற்று. பெரிய இயந்திரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. வேண்டியது பயின்ற கண்.

நேயர்கள் இந்த மாதங்களைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்றாம் மாதம் காப்பு; ஐந்தாம் மாதம் செங்கீரை. நம் புலவர்கள் முதற்பருவத்துக்கும் இரண்டாம் பருவத்துக்கும் நடுவே வெற்றிடமாக விட்ட அந்த இரண்டு மாதத்துக்குள்தான் விஞ்ஞானம் தன் சாளரத்தைக் கண்டது. தெய்வமே காப்பாற்று என்று வேண்டும் பருவத்துக்கும், குழந்தையே எழுந்து ஆடு என்று அழைக்கும் பருவத்துக்கும் நடுவிலே மனிதர் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருந்திருக்கிறது.

ஏன் இத்தனை அவசரம்? பிறந்த குழந்தையிலே மூளையின் ஒவ்வொரு பாதியிலிருந்தும் உடலின் இரு பக்கத்துக்கும் நரம்புப் பாதைகள் ஓடுகின்றன. எந்தப் பாதை புழங்குகிறதோ அது நிலைக்கும், புழங்காதது அற்றுப்போகும். ஆள் நடக்காத ஒற்றையடிப் பாதையைப் புல் மூடிவிடுவதைப் போன்றது அது. முதல் வருடத்திலே வழங்காத கைக்கு வேலை கொடுத்தால் பாதை மூடாமல் காக்க இயலும். சில நாடுகளிலே நல்ல கைக்குச் சிறிது நேரம் துணியுறை மாட்டிவிட்டு, மெலிந்த கையாலே விளையாட்டுச் சாமானைப் பிடிக்கத் தூண்டுகிறார்கள். அதையும் இயன்மருத்துவர் காட்டித்தந்த அளவிலேதான் செய்ய வேண்டும்.

இங்கே வரலாறு இன்னுமொரு திருப்பம் கண்டது. 2013இல் அயோனா நோவாக் என்ற அவுஸ்திரேலிய ஆய்வாளரும் அவரது குழுவினரும் அதுவரை வந்த சிகிச்சை ஆய்வுகளையெல்லாம் தொகுத்து எடைபோட்டார்கள். போபாத் முறைக்கு எதிர்பார்த்த பலன் தெரியவில்லை. பிறர் கையால் அசைத்துவிடுவதைவிட, குழந்தை தானே விரும்பி, தானே முயன்று, திரும்பத் திரும்பச் செய்வதே மூளையை மாற்றுகிறது என்று தெரிந்தது. போபாத் தம்பதியர் பெரியவர்கள்தான். ஆனால் பெரியவர்கள் சொன்னதையும் அளந்து பார்த்ததால்தான் இத்துறை வளர்ந்தது. கத்தியிலிருந்து வைத்தியர் கைக்கும், வைத்தியர் கையிலிருந்து தாய் கைக்கும் வந்த சிகிச்சை, கடைசியிலே குழந்தையின் சொந்தக் கைக்கு வந்து சேர்ந்தது.

பிறந்தவுடன் மூச்சுத் திணறிய குழந்தையின் உடலை மூன்று நாள் குளிர்வித்து மூளையைக் காக்கும் சிகிச்சை செல்வந்த நாடுகளிலே நல்ல பலன் தந்தது. அதையே இந்தியா, இலங்கை, பங்களாதேஷ் ஆகிய நாடுகளின் ஆஸ்பத்திரிகளிலே 408 குழந்தைகளிடம் பரீட்சித்தார்கள். 2021இல் வெளியான முடிவு மனதை உலுக்கியது. குளிர்விக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 42 பேரும், குளிர்விக்கப்படாதவர்களில் நூற்றுக்கு 31 பேரும் இறந்தார்கள். வேறொரு மண்ணிலே விளைந்த மருந்து நம் மண்ணுக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நமக்குப் பாதுகாப்பான பிரசவமும், அதன் பின்னே விழிப்பான கண்ணும்தான் முதல் மருந்து.

இனி மலையகத்துக்கு வருவோம். பண்டாரவளையிலிருந்து பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு ஏறக்குறைய 30 கிலோமீற்றர். தோட்டத்திலிருந்து றோட்டுக்கு இறங்கும் தூரம் அதில் சேராது. கைப்பிள்ளையோடு ஒரு நாள் கிளினிக் போய்வந்தால் ஒரு நாள் பேர் போயிற்று. கிழமைக்கு ஒரு முறை வரச் சொன்னால் மாதத்தில் நான்கு பேர். ஆகவே அறிவுரையோடு மட்டும் நின்றால் அது அந்தத் தாயின் தலைமேல் இன்னொரு கூடையை ஏற்றியதாகவே முடியும். சிகிச்சை அவளைத் தேடி வர வேண்டும்.

வரமுடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலே ஓர் உதாரணம் இருக்கிறது. தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் என்ற நிறுவனத்தை 1981இல் தொடங்கியவர் எஸ். இராமகிருஷ்ணன். 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே உடல் இயங்காமற் போனவர். அந்தச் சங்கம் கிராமத்துப் பெண்களையே புனர்வாழ்வுப் பணியாளராகப் பயிற்றி வீடு வீடாக அனுப்புகிறது. அவர்கள் கையிலுள்ள சிறு கருவி மூலம் தூரத்திலுள்ள நிபுணர் குழந்தையின் முன்னேற்றத்தைப் பார்த்து வழிகாட்டுகிறார்.

நம் தோட்டங்களிலே அதற்கான இடம் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. பிள்ளைக்காம்பரா இருக்கிறது. தாய் மலையில் நிற்கும் நேரமெல்லாம் குழந்தை அங்கேதான். நாள் முழுதும் தொட்டிலில் கிடந்தால் தரையை உதைத்துப் பார்க்க வாய்ப்பில்லை. ஒரு பாயும், நான்கு விளையாட்டுச் சாமானும், எதைப் பார்க்க வேண்டும் என்று பயின்ற ஆயாம்மாவும் போதும். மருத்துவிச்சி அம்மா எடை குறிக்கும் புத்தகத்தோடு வரும்போது, மூன்று மாதக் குழந்தையைச் சில நிமிடம் கைத்தொலைபேசியில் படம் பிடித்துப் பதுளையில் பயின்ற ஒருவருக்குக் காட்ட இன்று முடியும். அதற்கொரு ஏற்பாடு செய்வது, தோட்டத்தை நடத்துவோரும் சுகாதாரப் பகுதியினரும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசினால் ஆகக்கூடிய காரியம்.

அதுவரை, வீட்டிலுள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பிறந்தவுடன் அழாத குழந்தை, மாதம் குறைந்து பிறந்த குழந்தை, காமாலைக்காக ஆஸ்பத்திரியில் கிடந்த குழந்தை என்றால் இரட்டைக் கவனம் தேவை. மூன்று மாதம் கடந்தும் கை எந்நேரமும் பொத்தியபடி இருந்தால், நான்கு மாதத்திலும் தலை நிற்காவிட்டால், தூக்கும்போது கால்கள் விறைத்துப் பின்னினால், ஒரு வயதுக்கு முன்னரே ஒரு கையை மட்டும் பாவித்தால், பொறுத்துப் பார்க்க வேண்டியதில்லை. எண்ணெய் தேய்க்கட்டும்; நூலும் கட்டட்டும். ஆனால் அதே கிழமையில் டாக்டரிடமும் காட்டட்டும். இந்தச் சிகிச்சையால் எல்லாக் குழந்தையும் ஓடியாடிவிடும் என்று நான் சொல்லவில்லை. கோப்பையைத் தானே பிடிக்கும் கை, சுவரைப் பிடித்து நிற்கும் கால், பள்ளிக்கூட வாங்கிலே நிமிர்ந்து உட்காரும் முதுகு என்று ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வோர் அளவில் பலன் உண்டு. இஸ்தோப்பிலே சாக்கில் கழியும் ஒரு வாழ்வுக்கும், டாப்பிலே தன் பெயர் கூப்பிடும்போது கையுயர்த்தும் ஒரு வாழ்வுக்கும் உள்ள தூரம் அவ்வளவுதான்.